போர்ட்டில் வேலை செய்பவரின் முகநூல்: ஊழியரின் பதிவும் நிறுவனத்தின் பெயரும்

திருகோணமலையில் ஒருவரை அடையாளம் சொல்லும்போது தகப்பன் பெயருக்கு முன்னால் வேலைத்தலத்தின் பெயர் வந்துவிடும். "போர்ட்டில இருக்கிறவர்", "பிறீமாவில வேலை செய்யிற பொடியன்", "கச்சேரியில இருக்கிற மிஸ்", "ஐஓசிக்காரர்" என்றால் போதும், ஆள் யாரென்று கேட்பவருக்குப் பிடிபட்டுவிடும். வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் பத்து வருடம் போன பிறகும் அந்த ஒட்டு உதிர்வதில்லை. சாவு வீட்டு அறிவித்தலிலும் அதுதான் முதலில் நிற்கும்.

இதற்கு ஊரின் பொருளாதார அமைப்பே காரணம். ஆழமான இயற்கைத் துறைமுகத்தைச் சுற்றி விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய வேலைகொள்வோரே இருக்கிறார்கள். இலங்கைத் துறைமுக அதிகாரசபை, கடற்படையின் கிழக்குப் பிராந்தியத் தலைமையகம், 1980இல் மாவரைக்கத் தொடங்கிய பிறீமா ஆலை, அதே பத்தாண்டில் எழுந்த டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை, பிரித்தானியர் கட்டிவைத்துப்போன சீனக்குடா எண்ணெய்க் குதங்கள் ஆகியவை கடலோடு ஒட்டியவை. கிழக்கு மாகாண சபையின் அலுவலகங்களும் இங்கேதான் என்பதால் அரச உத்தியோகத்தர் தொகை பெரிது. உப்புவெளி, நிலாவெளி ஹொட்டல்களில் பருவத்துக்குப் பருவம் இளைஞர்கள் சேர்கிறார்கள். ஒரே வீட்டில் அண்ணன் துறைமுகத்தில், தங்கை பிரதேச செயலகத்தில், மருமகன் ஹொட்டலில் என்பது இங்கே சாதாரணம்.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் தன் முகநூல் கணக்கில் வேலைத்தலத்தின் பெயரைப் போடாமல் விட்டாலும் எதுவும் மறைவதில்லை. வாசிப்பவருக்கு அது ஏற்கெனவே தெரியும். ஆகவே ஊழியர் தன் சொந்தக் கைபேசியில், சொந்த நேரத்தில், சொந்தப் பெயரில் எழுதும் ஒரு பதிவு அவருக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தின் பெயரை எப்போது, எந்த வழியாகப் பாதிக்கிறது என்ற கேள்வி கொழும்பைவிடத் திருமலையில் கூர்மையாக எழுகிறது. கொழும்பின் பெருங்கூட்டத்தில் ஒருவருடைய வேலைத்தலத்தைத் தேடிப்பிடிக்கவேண்டும். இங்கே அந்தச் சிரமம் கிடையாது.

இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: பதிவில் உள்ள சொல்லின் கடுமை நிறுவனத்தின் பெயருக்கு வரும் சேதத்தைத் தீர்மானிப்பதில்லை. அந்தச் சொல்லுக்கும் அவர் செய்யும் வேலைக்கும் உள்ள தொடர்பு, நிறுவனத்தைப் பற்றி ஊருக்கு முன்பே இருக்கும் அபிப்பிராயம், பதிவு வெளியானபின் நிறுவனம் நடந்துகொள்ளும் விதம் ஆகிய மூன்றுமே அதைத் தீர்மானிக்கின்றன.

சட்டம் கேட்கும் கேள்வி, ஊர் கேட்கும் கேள்வி

கலியாண வீட்டில் ஒருவிதமாகவும், தேநீர்க்கடையில் இன்னொருவிதமாகவும், மேலதிகாரி முன்னால் வேறொருவிதமாகவும் பேசுவது மனித இயல்பு. அதைப் போலித்தனம் என்று யாரும் சொல்வதில்லை. முகநூல் இந்த மூன்று சபைகளையும் ஒரே பாயில் உட்காரவைத்துவிட்டது. மாமியாரும் மேலாளரும் பள்ளித் தோழனும் ஒரே வரியை ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள். டுவிட்டர் பாவனையாளர்களை ஆராய்ந்து 2011இல் கட்டுரை வெளியிட்ட அலிஸ் மார்விக், டேனா பொய்ட் என்ற ஆய்வாளர்கள் இந்நிலையைச் சூழல்களின் சரிவு என்ற கருத்தால் விளக்கினார்கள். நண்பர்களுக்கென்று சொன்ன பகிடி வாடிக்கையாளரின் காதில் விழும்போது அது பகிடியாக இருப்பதில்லை.

அந்தப் பகிடிக்கு நிறுவனம் பொறுப்பா? பிரித்தானிய நீதிமன்றங்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கின்றன. டிரஃபோர்ட் வீட்டுவசதி அறக்கட்டளையின் ஊழியர் ஒருவர், தேவாலயங்களில் ஒருபாலினத் திருமணம் நடத்துவது பற்றித் தன் முகநூலில் மிதமான மாற்றுக் கருத்தொன்றை எழுதினார். அறக்கட்டளை அவரைப் பதவியிறக்கிச் சம்பளத்தையும் வெட்டியது. 2012இல் உயர் நீதிமன்றம் அது ஒப்பந்த மீறல் என்று தீர்ப்பளித்தது. வேலைத்தலத்தின் பெயர் அவருடைய பக்கத்தில் இருந்தபோதும், விடுமுறை நாளில் நண்பர்களோடு பகிர்ந்த கருத்தை அறக்கட்டளையின் கருத்தென்று நியாயமாகச் சிந்திக்கும் எந்த வாசகரும் நினைக்கமாட்டார் என்பது நீதிபதியின் முடிவு. வழக்கில் வென்றவருக்குச் சட்டப்படி கிடைத்த இழப்பீடு நூறு பவுணுக்கும் குறைவு என்பது தனிக் கதை. 2019இல் ஹீத்ரோ விமானநிலையப் பாதுகாப்பு ஊழியர் ஒருவர் இனத்தை இழிவுபடுத்தும் படமொன்றைச் சொந்தப் பக்கத்தில் பகிர்ந்த வழக்கிலும், அது வேலையின்போது செய்த காரியம் அல்ல, ஆகவே நிறுவனம் சட்டப்படி பொறுப்பாகாது என்றே வேலைவாய்ப்பு மேன்முறையீட்டு நியாயசபை கண்டது.

சட்டம் "யாருடைய பெயரில் பேசினார்?" என்று கேட்கிறது. ஊரோ வேறொன்றைக் கேட்கிறது: "இப்படிப்பட்டவரையா அங்கே வைத்திருக்கிறார்கள்?"

இந்த இரண்டாவது கேள்வியின் பலத்தைக் காட்டும் நிகழ்வு 2018 ஏப்ரலில் கேரளத்தில் நடந்தது. கத்துவாவில் கொல்லப்பட்ட சிறுமியைப் பற்றி, கொச்சியில் கோட்டக் மகிந்திரா வங்கிக் கிளையொன்றின் உதவி மேலாளர் முகநூலில் கொடூரமான கருத்தொன்றை எழுதினார். வங்கிக்கும் அந்த எழுத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் ஆத்திரமடைந்தவர்கள் திரண்டுபோனது வங்கியின் முகநூல் பக்கத்துக்கு. ஒற்றை நட்சத்திரம் இட்டு மதிப்பீட்டைக் கீழே இறக்கினார்கள், அவரை நீக்கச் சொன்னார்கள். வேலைத்திறன் போதாமையால் ஏப்ரல் 11ஆம் திகதியே அவரை நீக்கிவிட்டதாகச் சொன்ன வங்கி, அந்தக் கருத்தையும் கண்டித்தது. அதே வருடம் ஓகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, நிவாரணப் பொருள் கேட்டவர்களைக் கேலிசெய்து எழுதிய மலையாளிக் காசாளர் ஒருவரை ஓமானில் லூலூ அங்காடி நிறுவனம் உடனே நீக்கியது. மன்னிப்புக் கேட்டு அவர் வெளியிட்ட காணொளி வேலையைக் காப்பாற்றவில்லை.

மூதூர், கிண்ணியா, தோப்பூர்ப் பக்கங்களிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கு இந்த இரண்டாவது கதை தூரத்துச் செய்தியாக இராது. அங்கே வேலை போனால் விசாவும் போகும். 2020 ஏப்ரலில் ஐக்கிய அரபு இராச்சியத்தில் மதவெறுப்புப் பதிவுகளுக்காக இந்தியர் பலர் வேலை இழந்தபோது, பாகுபாடு இரு நாட்டுச் சட்டத்துக்கும் ஒழுக்கத்துக்கும் எதிரானது என்று இந்தியத் தூதரே பகிரங்கமாக நினைவூட்டவேண்டியிருந்தது. ஒரு மேசைக் காசாளரின் வரி நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலான விவகாரமாக வளர்ந்துவிடக்கூடிய காலம் இது.

வங்கியும் அங்காடியும் ஏன் இவ்வளவு விரைவாகப் பாதிக்கப்படுகின்றன? அவை விற்பது நம்பிக்கையை. முகம்பார்த்துச் சேவை தருபவரின் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தபின் வாடிக்கையாளர் அந்த மேசைக்கு வரத் தயங்குவார். ஆலைக்குள் இயந்திரம் ஓட்டுபவர் அதே வரியை எழுதியிருந்தால் மாவின் விற்பனை குறைந்திருக்காது. தாதி, ஆசிரியர், கிராம உத்தியோகத்தர், வங்கி ஊழியர், ஹொட்டல் வரவேற்பாளர் போன்றோருக்கு இந்த ஆபத்து கூட. திருகோணமலை மாவட்டத்தில் அது இன்னும் கூட. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இங்கே முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 வீதம், தமிழர் 30 வீதம், சிங்களவர் 27 வீதம். எந்த நிறுவனத்தின் கருமபீடத்தின் முன்னாலும் மூன்று சமூகத்தாரும் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு சமூகத்தை இழிவாக எழுதும் ஊழியர், தன் நிறுவனத்தின் வாடிக்கையாளரில் மூன்றிலொரு பங்கினரை நோக்கியே அதை எழுதுகிறார்.

இறங்குதுறையில் எடுத்த செல்ஃபி

வெறுப்புப் பேச்சு ஒருவகை. துறைமுகப் பகுதிக்கே உரிய இன்னொரு வகை, தீய நோக்கம் ஏதுமின்றி வேலையிடத்தைக் காட்டும் பதிவு.

2001 செப்டெம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு சர்வதேசக் கடல்சார் அமைப்பு வகுத்த கப்பல், துறைமுகப் பாதுகாப்புக் கோவை 2004 ஜூலை 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. சர்வதேசக் கப்பல்களுக்குச் சேவை தரும் துறைமுக வசதிகளுக்குப் பாதுகாப்புத் திட்டம் இருக்கவேண்டும், அந்தத் திட்டம் அனுமதியற்றவர் கையில் போகாமல் காக்கப்படவேண்டும் என்பது அதன் விதி. அஷ்ரஃப் இறங்குதுறையில் கட்டியிருக்கும் கப்பலின் முன்னால் தலைக்கவசத்தோடு நின்று படம் எடுக்கும் ஒருவர் தன் உழைப்பைப் பெருமையோடு காட்ட நினைக்கிறார். ஆனால் படத்தில் அவருடைய சிரிப்போடு கப்பலின் பெயர், இறங்கும் சரக்கு, காவல் நிற்கும் இடம், வேலியின் இடைவெளி எல்லாமே பதிவாகின்றன. சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்கள் யுத்த காலத்துக் குறிகள் என்பதை ஊர் மறக்கவில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இங்கேதான் குண்டு போட்டன. அந்த நாளில் அழிந்த குதத்தின் சிதைவு பிறகும் நெடுங்காலம் கிடந்தது. 2022 ஜனவரியில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐஓசியும் 61 குதங்களுக்காகச் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியா, இலங்கை இரண்டின் கவனமும் அங்கே கூடியிருக்கிறது. அந்த வளவுக்குள் எடுத்த படம் எப்படி வாசிக்கப்படும் என்பது எடுத்தவர் கையில் இல்லை.

கப்பலிலும் நிலை மாறிவருகிறது. கடற்தொழிலாளர் சமவாயத்துக்கு 2022இல் செய்த திருத்தங்கள் 2024 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்து, மாலுமிகளுக்கு இயன்றவரை இணைய வசதி கொடுக்கும்படி கப்பல் உரிமையாளரைக் கேட்டன. வீட்டு முகம் காணாமல் மாதக்கணக்கில் கடலில் கிடப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். அதனோடு சேர்ந்து, மேல்தளத்தில் நடப்பது கரைக்கு வருமுன்பே உலகம் பார்க்கும் நிலையும் வந்துவிட்டது.

எளிய பதிவொன்று வேலையின் தரத்துக்கே சாட்சியாக மாறுவதும் உண்டு. ஸ்கொட்லாந்துக் கால்வாய்களைப் பராமரிக்கும் நிறுவனத்தில் அவசர அழைப்புக்குத் தயாராக இருக்கவேண்டிய முறைக் கடமையில் இருந்த தொழிலாளி ஒருவர், அந்த இரவில் மது அருந்துவதாக முகநூலில் விளையாட்டாக எழுதியிருந்தார். கடமை நேரத்தில் குடிக்கக்கூடாது என்பது விதி. ஏறக்குறைய இரண்டு வருடங்களுக்கு முந்திய பதிவு அது. அன்றிரவு விபத்தோ அழைப்போ ஏற்படவுமில்லை. ஆயினும் நிறுவனம் அவரை நீக்கியது செல்லும் என்று 2015இல் மேன்முறையீட்டு நியாயசபை தீர்ப்பளித்தது. நீர்வழியில் விபத்து நடந்தால் ஓடிவரவேண்டிய மனிதர் தானே எழுதிக்கொடுத்த வாக்குமூலமாக அது பார்க்கப்பட்டது. டிரஃபோர்ட் வழக்கோடு சேர்த்து வாசித்தால் வேறுபாடு விளங்கும். அங்கே ஒரு மனிதரின் நம்பிக்கை, வேலையோடு தொடர்பற்றது. இங்கே வேலையின் பாதுகாப்பே கேள்விக்குள்ளானது. கிரேன் இயக்குபவர், எரிபொருள் பவுசர் சாரதி, அம்புலன்ஸ் சாரதி ஆகியோர் எழுதும் பகிடியை நாம் எப்படி வாசிக்கவேண்டும் என்பதற்கு இது நல்ல அளவுகோல்.

பதிவு பழசாகிவிட்டது என்பது பாதுகாப்புத் தருவதில்லை. 2021 ஜூனில் லோர்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துக்காக முதல் டெஸ்ட் ஆடிய ஒலி ரொபின்சன், தன் பதின்ம வயதில், 2012-13 காலத்தில் எழுதிய இன, பாலினக் கேலி டுவீட்டுகள் அன்றே தோண்டியெடுக்கப்பட்டதால் அணியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். இனவாதத்துக்கு எதிராக அவருடைய அணி மைதானத்தில் ஒன்றாக நின்ற அதே நாள் அது. எழுதியவர் ஊழியராக இருக்கவும் தேவையில்லை. 2019 ஜனவரியில் இலங்கை அணித்தலைவர் லசித் மலிங்காவின் மனைவி, சக ஆட்டக்காரர் திசர பெரேராவைச் சாடி முகநூலில் எழுத, அவரும் பதிலுக்குப் பதிவிட, கடைசியில் திசர இலங்கைக் கிரிக்கெட் நிறுவனத்துக்கே கடிதம் எழுதித் தலையிடும்படி கேட்டார். நாடே எங்களைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதே அக்கடிதத்தின் சாரம். ஆட்டக்காரர் ஒருவரின் வீட்டிலிருந்து வந்த பதிவில் அணியின் பெயர் அடிபட்டது.

மூன்று மொழி, ஒரு காணொளி

இந்த மாகாணத்தில் எழுதுவதற்கு இன்னொரு கனமுண்டு. ஒரு மொழியில் சொன்னது வேறொரு மொழிக்காரரின் கோபத்துக்குள் போய் விழும்.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகமொன்றில், சாப்பாட்டுக்குள் மலட்டுத்தன்மை மாத்திரை போட்டிருப்பதாக வாடிக்கையாளர் ஒருவர் கூச்சலிட்டார். காசாளர் மேசையிலிருந்தவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. சூழ்ந்து நின்றவர்களின் மிரட்டலில் அவர் தடுமாறிச் சொன்ன வார்த்தையும் தலையசைப்பும் ஒப்புதல் வாக்குமூலமாகப் படம்பிடிக்கப்பட்டு முகநூலில் பரவின. கடை அடித்து நொறுக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் கண்டிப் பக்கம் திகனவில் கலவரம் மூண்டபோது இந்தக் காணொளியும் நெருப்புக்கு எண்ணெயானது. அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. அந்த உணவில் இருந்தது மாவுக்கட்டி, அத்தகைய மாத்திரை ஏதுமில்லை என்று அரச பகுப்பாய்வு பின்னர் சொன்னது. அக்கலவரத்தில் தன் தளம் வகித்த பங்குக்காக பேஸ்புக் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது.

இது ஊழியர் தாமாக இட்ட பதிவு அல்ல. அவர் வாயிலிருந்து பிடுங்கிப் பிறர் இட்ட பதிவு. ஆனாலும் கிழக்கிலுள்ள எந்த வேலைகொள்வோரும் இதிலிருந்து கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. கருமபீடத்தில் நிற்பவருக்கு வாடிக்கையாளரின் மொழி தெரியாதிருப்பது பயிற்சிக் குறை மட்டுமல்ல, அது நிறுவனத்தின் பெயரையே பணயம் வைக்கும் காரியம். தமிழில் ஒருவர் எழுதிய கிண்டல் இயந்திர மொழிபெயர்ப்பில் சிங்களத்துக்குப் போகும்போது கிண்டல் உதிர்ந்து குற்றச்சாட்டு மட்டும் எஞ்சும். மறுதிசையிலும் அப்படியே. ஸ்கிரீன்ஷொட் எடுப்பவர் தொனியை எடுத்துப்போவதில்லை.

உள்ளே கேட்காதபோது வெளியே கத்துவது

மூன்றாவது வகைதான் நிறுவனங்களை அதிகம் அச்சுறுத்துவது: உள்ளே நடப்பதை ஊழியரே அம்பலப்படுத்தும் பதிவு. இலங்கைத் தமிழ் வாசகருக்கு இதன் பெயர் சாவகச்சேரி.

2024 ஜூன் மாதத்தில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் பதில் வைத்திய அத்தியட்சகராகப் பொறுப்பேற்ற வைத்தியர் இராமநாதன் அர்ச்சுனா, ஜூலை தொடக்கத்தில் முகநூல் நேரலைகளில் அங்கே வசதிகள் பயன்படாமல் கிடக்கின்றன, முறைகேடுகள் நடக்கின்றன என்று அடுக்கடுக்காகக் குற்றஞ்சாட்டினார். சக வைத்தியர்கள் மறுத்தார்கள், பணியைப் பகிஷ்கரித்தார்கள். சுகாதாரத் துறை அவரை அங்கிருந்து மாற்றியது. மக்கள் அவருக்காக வீதிக்கு இறங்கினார்கள். அதே வருடம் நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் சுயேச்சைக் குழுவில் போட்டியிட்டு அவர் வென்றார். ஒரு அரச ஊழியரின் கைபேசி ஐந்து மாதத்துக்குள் அவரைச் சபையில் அமர்த்தியது.

அவருடைய குற்றச்சாட்டுகளில் எது உண்மை, எது மிகை என்று தீர்ப்பது விசாரணையின் வேலை. நேரலையில் பெயர் அடிபட்டவர்களுக்குப் பதில் சொல்ல அதே அளவு மேடை கிடைக்கவில்லை என்பதும் கவனிக்கவேண்டிய அநீதி. நம் கேள்விக்கு முக்கியமானது வேறு: அத்தனை பேர் ஏன் உடனே நம்பினார்கள்? அரச வைத்தியசாலை வரிசையில் காத்துநின்ற அனுபவம் அவர்களுக்குச் சொந்தமாக இருந்தது. பதிவு புதிய ஐயத்தை உண்டாக்கவில்லை, பழைய ஐயத்துக்கு உள்ளேயிருந்து ஒரு சாட்சியைக் கொடுத்தது. அதன்பின் வந்த இடமாற்றத்தை நிர்வாக நடவடிக்கையாக மக்கள் பார்க்கவில்லை, வாயடைப்பாகப் பார்த்தார்கள். துறையின் பெயருக்குப் பட்ட இரண்டாவது அடி அதுதான்.

பொருளியலாளர் அல்பேர்ட் ஹேர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில், தாபனமொன்று சீர்கெடும்போது அதில் இருப்பவருக்கு முன்னால் விலகுவது, குரல்கொடுப்பது என்ற இரு வழிகள் உள்ளன என்றும், விசுவாசம் இவற்றுக்கிடையே எதைத் தெரிவது என்பதைப் பாதிக்கிறது என்றும் காட்டினார். அரச வேலையை விட்டு விலக நம்மூரில் யாரும் துணியமாட்டார்கள், ஓய்வூதியம் கட்டிப்போட்டிருக்கிறது. உள்ளே குரல்கொடுக்க வழி இல்லையென்றால் குரல் முகநூலுக்குத்தான் போகும்.

அரசு இதற்குக் கண்ட மருந்து தடை. 2022 செப்டெம்பரில், பொருளாதார நெருக்கடியின் நடுவே, பசியால் பாடசாலை மாணவர்கள் மயங்கி விழுகிறார்கள் என்ற தகவல்கள் வெளிவந்துகொண்டிருந்த வேளை, பொது நிர்வாக அமைச்சு சுற்றறிக்கை ஒன்றை விடுத்தது. தாபன விதிக்கோவையை நினைவூட்டி, அரச உத்தியோகத்தர்கள் சமூக ஊடகங்களில் கருத்து வெளியிடுவது ஒழுக்காற்று நடவடிக்கைக்குரிய குற்றம் என்றது. மாகாண சபையும் கச்சேரியும் வலயக் கல்வி அலுவலகமும் நிறைந்த திருகோணமலையில் இந்தச் சுற்றறிக்கை எத்தனை வீட்டுக்குள் நுழைந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். அதன் பிறகு பேச்சு நிற்கவில்லை. பகிரங்க முகநூலிலிருந்து மூடிய வாட்ஸ்அப் குழுக்களுக்கு இடம்மாறியது. பகிரங்கத்தில் சொன்னதற்குப் பதில் சொல்லலாம். குழுவுக்குள் சுற்றும் குரல்பதிவுக்கு யார் பதில் சொல்வது?

ஒப்பிட்டுப் பார்க்க இந்தியாவில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. திரிபுராவில் மீன்வளத் துறை ஊழியர் ஒருவர் அரசியல் கூட்டத்துக்குப் போனதற்கும் முகநூலில் எழுதியதற்கும் ஓய்வுபெறச் சில நாட்களே இருந்தபோது பணியிடைநிறுத்தம் செய்யப்பட்டார். அரச ஊழியர் என்பதால் பேச்சுச் சுதந்திரம் பறிபோவதில்லை, நடத்தை விதிகளின் எல்லைக்குள் அவர் தன் கருத்தை வைத்திருக்கவும் சொல்லவும் உரிமையுண்டு என்று 2020 ஜனவரியில் திரிபுரா உயர் நீதிமன்றம் சொன்னது. நம் அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரையும் பேச்சுச் சுதந்திரத்தை எல்லாப் பிரசைகளுக்கும் கொடுக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, அச்சட்டப்படி வெளியிட அனுமதிக்கப்பட்ட தகவலை வெளியிட்ட உத்தியோகத்தரைத் தண்டிக்கக்கூடாது என்கிறது. இந்தச் சட்டம் கச்சேரிச் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவித்தலாகவே பலருக்குத் தெரியும், தங்களைக் காக்கும் கேடயமாகத் தெரிவதில்லை.

நீக்கிவிட்டால் தீருமா?

பதிவொன்று தீப்பிடித்தவுடன் தனியார் நிறுவனங்களுக்குத் தோன்றும் முதல் யோசனை ஆளை அனுப்பிவிடுவது. 2021 ஒக்டோபரில் தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடம், இந்தி தேசிய மொழி, கொஞ்சமாவது தெரிந்திருக்கவேண்டும் என்று சொமேட்டோவின் உதவி மைய ஊழியர் எழுதினார். உரையாடலின் படம் டுவிட்டரில் வந்தது, புறக்கணிப்பு அழைப்புக் கிளம்பியது. நிறுவனம் தமிழிலும் மன்னிப்புக் கேட்டு, ஊழியரை நீக்கிவிட்டதாக அறிவித்தது. சில மணி நேரத்திலேயே நிறுவனர் தீபிந்தர் கோயல், இவ்வளவு சிறிய தவறுக்கு நீக்கியிருக்கக்கூடாது என்று அவரைத் திரும்பச் சேர்த்தார். அது தனிப்பட்ட பதிவு அல்ல, வேலையின்போது எழுதியது. ஆனால் நீக்கியபோது ஒரு பக்கமும் திரும்பச் சேர்த்தபோது மறுபக்கமும் கோபப்பட்டதில், அவசரத்தில் எடுத்த முடிவு ஒரே நாளில் இரண்டு முறை செய்தியாகும் என்பதை அது காட்டியது.

இலங்கையில் அவசரத்துக்குச் சட்டமும் கடிவாளம் போடுகிறது. வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நீக்குவதைத் தடுப்பதில்லை. ஆனால் காரணத்தை இரண்டு வேலைநாட்களுக்குள் எழுத்தில் கொடுக்கச் சொல்கிறது. நீக்கப்பட்டவர் தொழில் நியாயசபைக்குப் போனால், நீதியும் ஒப்புரவுமான கட்டளையை இடும் அதிகாரம் அதற்கு உண்டு. அங்கே "முகநூலில் ஒரே சத்தமாக இருந்தது" என்பது காரணமாக எடுபடாது. அவர் மீறிய விதி எது, அந்த விதி அவருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டதா, பதிவுக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு, உண்மையில் என்ன சேதம் நேர்ந்தது என்று கேள்விகள் வரும். விதியே எழுதப்படாத நிறுவனத்திடம் பதில் இருக்காது. எழுதியிருந்தும் ஆங்கிலத்தில் மட்டும் எழுதி, தமிழிலும் சிங்களத்திலும் வாசிப்பவரிடம் கையொப்பம் வாங்கிய நிறுவனத்தின் நிலையும் பெரிதாக மேல் இல்லை.

ஆகவே செய்யவேண்டியவை பெரிய செலவில்லாத காரியங்கள். துறைமுகத்தைச் சுற்றியுள்ள நிறுவனங்கள் தங்கள் சமூக ஊடக விதியை ஒரு பக்கத்துக்குள், மூன்று மொழியிலும், தொழிற்சங்கத்தையும் உட்காரவைத்து எழுதட்டும். அதில் கட்டாயமாகத் தடைசெய்யவேண்டியவை சிலவே: பாதுகாப்பு வளவுக்குள் எடுத்த படம், நோயாளி அல்லது விருந்தினரின் முகமும் தகவலும், எந்தச் சமூகத்தையும் இழிவுபடுத்தும் எழுத்து, வேலைப் பாதுகாப்பு விதியை மீறியதைக் கொண்டாடும் பதிவு. அரசியல் கருத்து, மத நம்பிக்கை, சம்பளக் குறை பற்றிய முறைப்பாடு ஆகியவற்றை அந்தப் பட்டியலுக்குள் இழுக்கக்கூடாது. அப்படி இழுத்தால் விதி முழுவதும் வாய்ப்பூட்டாகத் தெரியும், நியாயமான பகுதியையும் யாரும் மதிக்கமாட்டார்கள். உள்ளே முறையிட ஒரு வாசல் திறந்திருக்கட்டும், முறையிட்டவருக்குக் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் போகட்டும். பதிவு வெளியானால் முதல் நாள் அறிக்கையில் மூன்று வரி போதும்: பார்த்தோம், விசாரிக்கிறோம், இன்ன திகதியில் முடிவைச் சொல்வோம். சொன்ன திகதியில் சொல்லிவிடவும் வேண்டும்.

ஊழியருக்கும் ஒரு வார்த்தை. "கருத்துகள் என்னுடையவை மட்டுமே" என்ற வரி சட்டத்துக்குப் பயன்படலாம், திருகோணமலைக்குப் பயன்படாது. ஊர் உங்களை வேலைத்தலத்தின் பெயரால்தான் கூப்பிடுகிறது, கோபம் வந்தாலும் அந்தப் பெயரால்தான் கூப்பிடும். அதற்காக வாய்மூடி இருக்கவேண்டியதில்லை. அநியாயத்தைச் சொல்லுங்கள், ஆதாரத்தோடு சொல்லுங்கள், முதலில் உள்ளே எழுத்தில் கொடுத்து அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பிறரை இழிவுபடுத்தும் பகிடியை மட்டும் கைவிடுங்கள்.

நிறுவனங்களுக்குச் சொல்ல மிஞ்சுவது இது. வருடக்கணக்காக வரிசையில் நின்றவரை மரியாதையாக நடத்திய அலுவலகத்தை ஒரு ஊழியரின் கெட்ட பதிவு கவிழ்த்துவிடாது. ஊர் அவரைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும். நடத்தாத அலுவலகத்துக்கு ஊழியரின் பதிவு தேவையே இல்லை, அதன் பெயர் கருமபீடத்தில் ஏற்கெனவே கெட்டுவிட்டது.